அரை நொடி இடைவெளி

"அண்ணே, யாரோ பேசுறாங்க. கருவிய நிறுத்தணும்," என்றேன்.

ஒமுர்சாக் வேனின் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் நில அளவைக் குழுவின் தலைவர். தலையைத் தூக்காமலே, ஆட்டுக்குட்டி மாதிரி "ம்மே..." என்றார்.

ஓட்டுநர் விழுந்து விழுந்து சிரித்தான்.

முக்காலி மேல் நின்ற ஆன்டெனாவுக்குக் கீழே சிவப்பு விளக்கு நொடிக்கு ஒரு முறை மின்னியது. அரை நொடி எங்கள் கருவி சிக்னல் அனுப்பும். சரிவில் கோலோடு நடக்கும் இரண்டு பேருக்கும், நிற்கிற இடத்தைப் பிழையில்லாமல் சொல்வது அதுதான். அடுத்த அரை நொடி சும்மா இருக்கும்.

அந்தச் சும்மா இருக்கும் அரை நொடியில்தான், என் காதோடு வைத்திருந்த வாக்கி டாக்கியில் ஒருவன் பேசிக்கொண்டிருந்தான்.

"...வண்டி..."

கிர்ர்.

"...சாஞ்சி..."

கிர்ர்.

"...கால்..."

அலைவரிசை எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. சாலைத் துறைக்காரர்களும் அதில்தான் பேசுவார்கள். இந்த மலைக் கணவாயில் செல்போன் எடுக்காது. அவன் எங்களுக்குப் பக்கத்தில், மேலே எங்கோ இருந்ததால் எனக்குத் துண்டு துண்டாகவாவது கேட்டது. கீழே அவர்களுடைய டிப்போவுக்கு எங்கள் இரைச்சல் மட்டும்தான் போயிருக்கும்.

அலைவரிசை உரிமத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அனுப்பும் முன் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மனிதக் குரல் கேட்டால் நிறுத்த வேண்டும். மணிக்கு ஒரு முறை கேட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

ஒமுர்சாக் அதைக் காலையிலேயே எழுதி முடித்துவிடுவார். ஒரு கையில் பொரித்த போர்சோக் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே, ஒன்பது மணிக்கு 'அமைதி', பத்து மணிக்கு 'அமைதி', மாலை ஐந்து வரை. எனக்குத் தெரிந்த எல்லாக் குழுவிலும் அப்படித்தான்.

இன்று எழுதும்போது வாய் நிறையச் சிரிப்பு. தன் பையனுக்குப் புது பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறாராம். சர்க்கார் வேலையில் சேர்ந்து இன்றோடு மூன்றாம் நாளாம்.

போன வசந்தத்தில் ஒரு மேய்ப்பனின் குரல் கேட்டு, நானாகவே பத்து நிமிடம் கருவியை நிறுத்தினேன். அவனுடைய குதிரை ஆற்றில் விழுந்திருந்தது. அன்று அளந்ததெல்லாம் வீண். சாயங்காலம் ஒமுர்சாக் என்னை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, ஆடு மாதிரிக் கத்தச் சொன்னார்.

கத்தினேன்.

அன்றிலிருந்து நான் மேய்ப்பர்.

"இன்னும் நாப்பது புள்ளி இருக்கு. மறுபடி பனி கொட்டுறதுக்குள்ள முடியணும்," என்றார் இப்போது. "பொத்தான்ல கைய வச்சே, ஊருக்கு நடந்துதான் போவே."

குரல் நிற்கவில்லை. அவன் எங்கள் தாளத்தைக் கற்றுக்கொண்டிருந்தான். இடைவெளிக்கு ஒரு சொல், ஒரே ஒரு சொல், அளவாக வைத்தான். பனி தள்ளும் வண்டி. கவிழ்ந்துவிட்டது. அடியில். கால். ரத்தம்.

பிறகு தன் பெயரைச் சொன்னான்.

நான் ஒமுர்சாக்கைப் பார்த்தேன். என் கை பொத்தானை நோக்கிப் போனது. நிஜமாகவே போனது.

"என்ன மேய்ப்பரே," என்றார். "என்ன சொல்லுது உங்க ஆடு?"

ஓட்டுநர் மறுபடியும் சிரித்தான்.

கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டேன். உள்ளே கதகதப்பாக இருந்தது.

"ஒண்ணும் புரியல அண்ணே."

"புரியாததுக்கு எதுக்கு ஊளை? வேலையப் பாரு."

வேலையைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு மின்னுவதைப் பார்த்தேன். முப்பத்தொன்றாம் புள்ளி வரை குரல் இருந்தது. பிறகு சொல் இல்லாமல் மூச்சு மட்டும். பிறகு இடைவெளிகள் காலியாக வந்தன.

நாற்பதும் முடிந்தன. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

"பாத்தியா, தானா அடங்கிடுச்சு," என்றார் ஒமுர்சாக். சந்தோஷமாக இருந்தார். தன் கோப்பையிலேயே தேநீர் ஊற்றி என்னிடம் நீட்டினார். ஒரு வருடத்தில் முதல் முறை. வாங்கிக் குடித்தேன்.

அவர் பதிவேட்டைத் தொடையில் வைத்து, தன் கையாலேயே எழுதிய 'அமைதி'களை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். பிள்ளை எழுதுவதுபோல ஒவ்வோர் எழுத்தாக, முழுப் பெயரும் வாசிக்கிற மாதிரி.

இங்கே எங்கள் ஆட்கள் தாங்கள் யார் என்று சொல்லும்போது, தங்கள் பெயரோடு நிறுத்துவதில்லை. அப்பன் பெயரையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

அவர் எழுதிய ஒமுர்சாக் என்ற பெயரை, அன்று மதியம் அவன் பெயருக்கு அடுத்த அரை நொடி இடைவெளியில் நான் நான்கு முறை கேட்டிருந்தேன்.