மூன்று வெற்றிலையும் ஒரு வாய் ஓடிக்கொலோனும்

ஒஸ்வல்ட் பிரதர் வாசனைப் போத்தலைச் சாய்த்து ஒரு வாய் ஓடிக்கொலோனை உறிஞ்சினார். கன்னம் இரண்டும் உப்பும்படி கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, நோபர்ட்டின் மனைவி மரிய கொறற்றியின் முகத்தில் ‘ப்பூ’ என்று துப்பினார்.

நோபர்ட் முகத்தைச் சுளித்தான். சந்திரனில் மனிதன் கால் வைத்து ஒரு வருஷமாகிறது. இங்கே அலுவிகாரையில் ஒருத்தர் ஊரான் பெண்டாட்டி முகத்தில் துப்புகிறார், கட்டிய புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டான்.

வேறு வழியில்லை. கல்யாணமான ஒரே வருஷத்தில் கொறற்றி பாதியாகிவிட்டாள், சோற்றுத் தட்டைக் கண்டாலே ஓங்கரிக்கிறாள். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். மாதாவுக்கு நவநாள் வைத்தும் ஒரு பிடி சோறு உள்ளே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா நாவுலையிலிருந்து வந்து மகளைக் கூட்டிப் போகப்போகிறார். போனால் திரும்பி வரமாட்டாள் என்று நோபர்ட்டுக்குப் பயமாக இருந்தது. அவள் மேல் உயிரையே வைத்திருந்தான்.

பிரதரைப் பற்றிச் சொன்னது பக்கத்து வீட்டு நாச்சியா. மிஷனில் பெரு நாட்டுக்குப் போய், அந்தீஸ் மலைச் சனங்களோடு பல காலம் இருந்து, துறவி அங்கியைக் கழற்றிவிட்டு ஊர் திரும்பியவர். மனிதனுக்குள் பாரமான சக்தி, இலேசான சக்தி என்று இரண்டு உண்டாம். பாரத்தை இலையில் ஊதி மண்ணுக்குக் கொடுத்துவிட்டால் உயிர்ச்சக்தி தானாக ஏறுமாம். பூமித்தாய்க்கு அங்கே பாச்சமாமா என்று பேராம். தாயை மாமா என்கிற ஊரில் போய் மனுஷன் என்னத்தைப் படித்து வந்திருப்பார்.

பிரதர் வீட்டுப் பாயில் ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதில் பிடிமண், மிட்டாய், சோளம், ஒரு துண்டு ஆட்டுக்கொழுப்பு, எல்லாம் பூமிக்குப் படையல். கொழுப்பில் ஈ மொய்த்தது.

நோபர்ட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அவன் சுகாதாரப் பரிசோதகன், டவுனில் பி.எச்.ஐ. மாத்தயா என்றால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள்.

“எச்சில்ல எவ்வளவு கிருமி இருக்குன்னு தெரியுமா பிரதர்? போன கெழம ஒரு பேக்கரிக்குள்ள போறேன். மா பிசையிறவன் மூக்கு ஒழுகி மாவுலயே விழுது. தொட்டிக்கு அடியில எலிப் புழுக்க. எல்லாத்தையும் சேத்துத்தான் பணிஸ் சுடுறான். அன்னைக்கு ராச் சாப்பாட்டுலயே இவளுக்கு வெவரமா சொல்லிக் குடுத்தேன். சுத்தம்னா வீட்டுல இருந்துதானே தொடங்கணும்.”

கொறற்றி கண்ணை இறுக மூடிக்கொண்டாள், உதடு வெளுத்துவிட்டது. துப்பல் பட்டதன் வேலைதான் என்று நோபர்ட் பல்லைக் கடித்தான்.

சாரல் அவன் கையிலும் தெறித்திருந்தது. எழுந்து பின்பக்கம் பைப்படிக்குப் போய், முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினான். நகக்கண்ணைக்கூட விடவில்லை.

திரும்பி வந்தபோது கொறற்றி உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள், தேத்தண்ணியோடு வைத்திருந்த பணிஸ் தட்டு காலியாகக் கிடந்தது. துப்பின அதே வாயால், நாலு நிமிஷத்தில் அத்தனை பணிஸையும் விழுங்கியிருக்கிறார். சீ, இந்த ஆளையா பிரதர் என்று கும்பிட்டோம் என்று நோபர்ட் மறுபடியும் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

பிரதர் மூன்று வெற்றிலையை விரல்களுக்கிடையே விரித்து அவள் கையில் கொடுத்தார்.

“அங்க இதுக்கு கொக்கா எல. இங்க வெத்தல. மண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மக, கண்ண மூடிக்கிட்டு ஒடம்புக்குள்ள பாரு. பாரம் எங்க இருக்கு?”

“தொண்டையில.”

“கோவமா, பயமா, கவலையா? அதுக்கு ஒரு பேர் சொல்லு. பேர் சொல்லாத பாரம் எறங்காது.”

கொறற்றி யோசித்தாள். வெளியே தம்புள்ளை பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போய் மறைந்தது.

“அருவருப்பு,” என்றாள்.

நோபர்ட்டுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கடைசியில் அவளுக்கும் இந்த ஆளைப் பிடிக்கவில்லை.

“கேட்டீங்களா பிரதர்? ஒங்க துப்பலும் கொழுப்பும் ஈயும், வேற என்ன வரும்?”

“கொஞ்சம் சும்மா இருங்க. எது மேல மக அருவருப்பு?”

அவளுடைய மூடிய இமைக்குள்ளிருந்து கண்ணீர் இறங்கியது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்த அந்த மேனியைப் பார்க்க நோபர்ட்டுக்குத் தாங்கவில்லை. ஈயையும் எச்சிலையும் மறந்து மண்ணில் முழந்தாளிட்டு அவள் கையைப் பிடித்தான்.

“சொல்லு கொறற்றி. ஒன்ன இப்பிடி வாட்டுறது எதுவா இருந்தாலும் நான் இன்னைக்கே வெளியாக்கிர்றேன். மாதா மேல சத்தியம்.”

அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். வெற்றிலையில் நீளமாக ஒரு மூச்சு ஊதினாள். பிறகு கண்ணைத் திறந்து, அவனைப் பார்க்காமல், பிரதரிடம் சொன்னாள்:

“இவர வெளிய அனுப்பிட்டு எனக்குக் கொஞ்சம் சோறு போடுங்க பிரதர்.”