நூறு வாட்

டுலூத் நகரில் ஐரீன் வீட்டுக் கூடத்து ஸ்பீக்கர்களுக்கு ஐம்பது வாட் ஆம்ப்ளிஃபயர் போதும் என்று எட்டு வருடங்களுக்கு முன் அளந்து சொன்னவர் ஆடியோ மெக்கானிக் வெண்டெல்தான். இன்று அதே சத்தம் வர நூறு வாட் தேவைப்பட்டது.

"கூடம் நிறைய ஆள் இருந்தாத்தான் சத்தத்தை இப்படிக் குடிக்கும்," என்றார்.

ஐரீனின் கணவர் நடத்திய ஞாயிறு இசைக் கூட்டத்தின் பன்னிரண்டு மர நாற்காலிகளும் காலியாக ஸ்பீக்கர்களைப் பார்த்தபடி கிடந்தன. அவற்றில் உட்கார்ந்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. பாட்டைப் பாதியில் நிறுத்துவது அவர்களுக்கு அறவே பிடிக்காது.

"அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன்," என்றாள் ஐரீன், காபியை உறிஞ்சியபடி. "பின் வரிசைக்குக் கேக்கலையாம்."

வெண்டெல் சிரித்துக்கொண்டே, பாடிக்கொண்டிருந்த இசைத்தட்டிலிருந்து ஊசியைத் தூக்கினார்.

பன்னிரண்டு நாற்காலிகளும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன.