இறக்கைக்கு அடியில்

கத்தியில் இருந்தது அவனுடைய நம்பர்.

நூற்றி எண்பத்து மூன்று.

எச்சில் தொட்டுத் துடைத்தான். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவன். கண்ணை நம்பாமல் விரலால் தடவிப் படித்தான்.

அதேதான்.

எஸ்டேட்டில் தேயிலைச் செடியை வெட்டிவிடும் ஒவ்வொரு கவாத்துக் கத்தியிலும் ஆளின் நம்பர் அடித்திருக்கும். அவன் கத்தி லயத்து வரிசை வீட்டில், கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

காலியாகும் நம்பர் மகனுக்கு. இங்கே அதுதான் வழக்கம்.

அப்படியென்றால் இது அப்பன் சங்கிலியின் கத்தி.

ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

இந்த மலையில் விழுந்த பட்டாளத்து விமானங்களைத் தேடித் தேடி எழுதுகிறவர் ஜெபமணி வாத்தியார். அவர் துணைக்குக் கூப்பிட்டார் என்றுதான் பள்ளத்தில் இறங்கினான். விமானத்தில் வெந்து செத்தவர்களின் ஆவி அலைகிறது என்று நாற்பத்தாறு வருஷமாக விறகுக்குக்கூட யாரும் இறங்காத இடம். பாதி புதைந்திருந்த இறக்கையை இருவரும் கடப்பாரை போட்டு நெம்பினார்கள்.

அடியில் கத்தி.

விமானம் விழுந்த அன்றைக்குத்தான் அப்பனைக் காணோம். ஏழாம் லயத்து வெள்ளத்தாயையும் காணோம். பட்டாளம் வந்து தன் ஆட்களைப் பொறுக்கிக்கொண்டு போனது. அந்த அமளியில் இதுகள் இரண்டும் ஓடிவிட்டன என்று லயமே முடிவு கட்டியது.

யார் அப்பன் பேச்சை எடுத்தாலும் அம்மா இன்றைக்கும் காறித் துப்புவாள்.

ஓடவில்லை அம்மா. கூப்பிடு தூரத்தில்தான் கிடந்திருக்கிறான்.

சந்தோஷம் மாதிரிகூட ஏதோ ஒன்று வந்தது.

வாத்தியார் இன்னும் கொஞ்சம் மண்ணைக் கிளறினார்.

ஒரு பெண்ணின் வெள்ளித் தண்டை. கறுத்துப்போய். கத்தி கிடந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி.

அவன் கை முந்திக்கொண்டது. தண்டையைப் பிடுங்கிக் குழிக்குள் போட்டு மண்ணைத் தள்ளினான்.

கத்தி மட்டும் போதும். வேலைக்குப் போன இடத்தில் செத்தான் என்று சொல்லிவிடலாம். அம்மாவுக்குப் பாதிதான் தாங்கும்.

வாத்தியாரின் பென்சில் நோட்டின் மேல் அசையாமல் நின்றது.

மேலே தேயிலைக் காட்டில் கொழுந்து எடுக்கும் பெண்களின் சத்தம். அதில் ஒரு குரல் வெள்ளத்தாயின் மகளுடையது. அம்மாக்காரி காணாமல் போனபோது அவளுக்கு மூன்று வயது.

அவள் பள்ளிக்கூடம் போகும் வழியில் அவள்மேல் கல்லெறிந்து, ஓடுகாலி மகளே என்று முதலில் கூப்பிட்டது அவன்தான். பிறகு எல்லோரும் கூப்பிட்டார்கள். அவளுக்கு வந்த மாப்பிள்ளைகளும் அதைக் கேட்டுவிட்டுத்தான் திரும்பிப் போனார்கள்.

குழிக்குள் மறுபடி கையை விட்டான். வெகுநேரம் தண்டையை வெளியே எடுக்கவில்லை.

பிறகு எடுத்தான்.

"ரெண்டு பேரையும் எழுதிக்கிடுங்க, சார்."

எழுந்து மேட்டைப் பார்த்து, வெள்ளத்தாயின் மகளைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

அவள் பேர் நாக்கில் வரவில்லை.