ஈரம் காயாத பிள்ளையார்

மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு பிரிண்டர் கடையில், சோதனைக்குப் போட்ட பிரிண்டர் கடகடவென்று இரைகிறது. அதே நொடியில் குமுதாவின் கைப்பேசியும் அலறுகிறது. அழைப்பவர் சிவநேசன், பிரிக்பீல்ட்ஸில் கல்யாணப் பத்திரிகை அச்சிடும் அவளுடைய முதலாளி. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று விடுப்புச் சொல்லிவிட்டு, வீட்டிலேயே சொந்தமாகப் பத்திரிகை அடிக்க அவள் இங்கே பிரிண்டர் தேடிக்கொண்டிருக்கிறாள். “அம்மாவுக்கு எப்படிம்மா இருக்கு?” என்கிறார். “இப்பதான் கஞ்சி குடிச்சாங்க அண்ணே.” பிரிண்டர் இழுத்து இழுத்துப் பத்திரிகைப் பிள்ளையாரை வெளியே தள்ளுகிறது. சத்தத்தை அமுக்கப் பிரிண்டரின் வாயைப் பொத்தப்போய் அவள் உள்ளங்கையில் ஈர மஞ்சள் அப்பிக்கொள்கிறது. பிள்ளையாரின் தும்பிக்கை கலைந்துபோகிறது. துடைக்கத் துணியில்லாமல் கையை விரித்தபடியே நிற்கிறாள். இரைச்சல் மறுமுனை வரை போகிறது. பிறகு சிவநேசன் மெதுவாகச் சொல்கிறார்: “கார்ட்ரிட்ஜ் வேணாம்மா, கட்டுப்படியாகாது. மை டேங்க் வச்சதா பாத்து எடு லா.”