கூப்பிட்ட குரல்

பருந்துகளோடு போய்ச் சேர்ந்த சாம்பல் கோழி ஒரு சாயங்காலம் கூட்டுக்குத் திரும்பி வந்தது.

"பாவம், பொம்பளை. அவனுங்க மிரட்டி இழுத்துட்டுப் போயிருப்பானுங்க. குஞ்சுகளோட படுத்துக்கட்டும்" என்றது சேவல்.

"அடைகாக்கிறதைத் தவிர எனக்கென்னண்ணே தெரியும்?" என்றது சாம்பல் கோழி.

செவலைக் கோழி தன் ஒரே குஞ்சோடு முன்னால் வந்தது. போன மாதம் அதன் குஞ்சுகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பருந்துகள் தூக்கிப் போயிருந்தன. புதருக்குள் பத்திரமாக இருந்த குஞ்சுகள் எதற்காக வெட்டவெளிக்கு ஓடின என்று யாருக்கும் புரியவில்லை.

"படுத்துக்கோ அக்கா. முதல்ல ஒரு தடவை குஞ்சுகளைக் கூப்பிடு" என்றது செவலை.

சாம்பல் கோழி தயங்கியது.

"என்னம்மா, கூப்பிடக்கூட மறந்துபோச்சா?" என்று சேவல் சிரித்தது.

"கொக், கொக்" என்று அது இதமாகக் கூப்பிட்டது.

மற்ற குஞ்சுகள் ஓடி வந்தன. செவலையின் குஞ்சு மட்டும் தாயின் இறக்கைக்குள் புகுந்து நடுங்கியது.