ஐந்தாம் பாட்டில் ஒரு ‘டக்’

நான்காவது பாட்டு முடிவதற்குள் அவளுக்குப் பல் கூசியது.

குப்பை. பதினேழு வருடம் கழித்துக் கேட்டாலும் குப்பை.

டிரம்ஸ்காரன் தாளத்துக்கு முன்னால் ஓடுகிறான், பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி. கிடார் சுருதி சேரவில்லை. பேஸ் வாசிப்பது அவளேதான். அதுவும் சகிக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் அந்த உறுமல். விடாமல், நான்கு பாட்டிலும்.

ஆல்பத்தின் பெயர் ‘உப்புத்தாள்’. வெளிவந்தபோது, பெயர் பொருத்தம், காதைத் தேய்த்துவிட்டார்கள் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அவள் கத்தரித்து வைத்திருக்கும் விமர்சனம் அது ஒன்றுதான்.

இப்போது அதே உப்புத்தாள் காவியமாம்.

பால்குடி மறக்காததுகள் எல்லாம் இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அந்த உறுமல் நகரத்தின் மூச்சாம். ஐந்தாம் பாட்டின் தொடக்கத்தில் அது சட்டென்று நின்றுபோகிறது. பதினோரு நொடி ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரே ஒரு ‘டக்’. தமிழ் ராக் இசையின் துணிச்சலான மௌனமாம் அது.

துணிச்சல்.

அவள் வாய்விட்டுத் திட்டினாள். மத்தியான வீட்டில் கேட்பதற்கு யாரும் இல்லை.

ஐந்தாம் பாட்டு ஆரம்பித்தது. உறுமல் நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

டக்.

பிறகு டெரன்ஸின் குரல். அவள் தம்பி. பாடகன் அவன்தான், கிடாரும் அவன்தான். மைக் திறந்திருப்பது தெரியாமல் பேசியது அப்படியே பதிவாகிவிட்டது.

“இப்ப எவ்ளோ அமைதியா இருக்குக்கா.”

இந்த அக்கா யார் என்று இணையத்தில் மூன்று கட்சி. நகரம் என்கிறார் ஒருவர். மக்கள் என்கிறாள் ஒருத்தி. மூன்றாமவர் நிறையப் படித்தவர் போலிருக்கிறது. ஸ்ரீதேவிக்கு மூத்தவள் மூதேவி, அவளைத்தான் பாடகன் அழைக்கிறான் என்று எழுதியிருக்கிறார்.

மூவரில் அவர்தான் கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறார்.

மேஜைமேல் படிவம் கிடந்தது. இசைத்தட்டாக மறுபடி வெளியிடப் போகிறார்கள். பெங்களூரிலிருந்து அனுப்பியிருந்தார்கள். எந்தப் பாட்டில் எந்தக் கருவி, வாசித்தவர் யார் என்று எல்லாம் அவர்களே தட்டச்சு செய்துவிட்டார்கள். ஒரே ஒரு வரிசை காலி.

ஐந்தாம் பாட்டு, ‘டக்’. கருவி? வாசித்தவர்?

பக்கத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: மரக்கட்டையா, கஞ்சிராவா மேடம்?

மரக்கட்டையாம்.

பெரம்பூரில் ஒரு மாடியறை. ஜூன் மாத வெயில். நான்கு பாட்டு பதிவாகிவிட்டது, ஸ்பீக்கரில் வரும் கரண்ட் உறுமல் மட்டும் போகவில்லை. அந்தக் காலத்து பேண்ட் ஆட்கள் இதற்கு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட மாட்டார்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் திறந்து பச்சை ஒயரை வெட்டிவிடுவார்கள். பச்சை என்றால் எர்த். கசிகிற கரண்ட்டை மண்ணுக்குக் கொண்டுபோவது அது. அதை வெட்டினால் உறுமல் போய்விடும்.

கசிகிற கரண்ட் அப்புறம் யார் வழியாகப் போகும் என்று யாரும் கேட்டதில்லை.

ரெக்கார்டர் வேறு பிளக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். வெட்டினாள். சுவிட்சைப் போட்டாள். பதினோரு நொடி.

பதிவு முடிந்ததும் திரும்பச் சேர்த்துவிடலாம் என்றுதான் பெட்டியை மூடினாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். பிறகு மறந்துபோனாள்.

ஆல்பம் வெளிவந்த மூன்றாம் வாரம், ஒரு கல்லூரி மைதானத்தில் நிகழ்ச்சி. தூறல். கிடாருக்குக் கரண்ட் அவர்களுடைய எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து. மைக், மைக் செட்காரருடையது. டெரன்ஸ் கிடார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதட்டை வைத்தான்.

விழுந்தான்.

பரிசோதனை இசை அல்லவா. அதுவும் பாட்டில் சேர்த்தி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

மைக் செட்காரர் பெயர் கன்னியப்பன். மைக்கில் கரண்ட் விட்டுக் கொன்றுவிட்டான் என்று மாணவர்கள் அவரை அடித்தார்கள். போலீஸ் கொண்டுபோனது. அதற்குள் அவள் எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டேதான் போட்டாள்.

கன்னியப்பன் கடையை மூடினார். அவர் மனைவி ஒருமுறை வீடு தேடி வந்தாள். அவர் எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தார், நீயாவது நம்பும்மா என்றாள். அவள் நம்புவதாகச் சொன்னாள். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, ரொம்ப நன்றி என்று சொல்லிப் போனாள் அந்த அம்மாள்.

ஐந்தாம் பாட்டு முடிந்தது. அவள் மறுபடி பின்னால் தள்ளினாள்.

டக்.

இந்த ஆல்பத்தில் பிசிறில்லாமல் விழுந்தது அது ஒன்றுதான். சனியன்.

பேனாவை எடுத்தாள். பென்சில் குறிப்பை அடித்தாள்.

கருவி: கட்டிங் பிளேயர்.

வாசித்தவர் என்ற இடத்தில் தன் பெயரை இனிஷியலோடு முழுதாக எழுதினாள்.

அதற்குக் கீழே இடம் இல்லை. ஓரத்தில் கோடு போட்டு, அவர்கள் கேட்காத ஒரு வரியைச் சேர்த்தாள்.

மைக் செட்: கன்னியப்பன். அவருடைய எர்த் சரியாக இருந்தது.