இருநூறு பெல்லட்டுகள்

"செப்டம்பர் 12, வெள்ளி. மின்விசிறியை அணைக்காமல் பெல்லட்டுகளை எடை போட்டுவிட்டேன். காற்றில் தராசு ஆடியதால் இருநூறும் தவறு."

எழுதிவிட்டு இர்ஷாதா பேனாவை மூடுகிறாள். கோட்டாற்று மாலை வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. அதில் ஒரு நகைக்கடைத் தராசு, பெல்லட் என்னும் சின்ன ஈயக் குண்டுகளைக் கனம் வாரியாகப் பிரித்த மூன்று கிண்ணங்கள், அவளுடைய ஏர் பிஸ்டல். சுடும்போது துள்ளாமலிருக்க அதன் முனையில் துளைகள் உண்டு. ஆனாலும் போன மாதம் இரண்டு புள்ளியில் மாநிலத் தேர்வு தவறியது. ஞாயிற்றுக்கிழமை கடைசி வாய்ப்பு. மாலை வகுப்பில் கூடச் சுடும் பிரீனா, இப்போது அணைத்துவைத்த மின்விசிறிக்குக் கீழே குறி அட்டையால் விசிறிக்கொள்கிறாள்.

"ஏட்டி, பொன்னு நிறுக்க மாதிரி ஈயத்தை நிறுத்துட்டு இருக்கியே. பெல்லட்டு ஆடுதா, உன் கை ஆடுதா?"

இர்ஷாதா ஒரு பெல்லட்டை இடுக்கியால் எடுத்துத் தராசில் வைக்கிறாள். எண் நடுங்கி நிற்கிறது.

"தெரியல மக்கா."

"கிளப்பில இறுக்கிப் பிடிக்க இரும்பு வைஸ் கிடக்குல்லா? பிஸ்டலை அதில பூட்டிச் சுடு. தெரிஞ்சு போவும்."

இது அவளுக்கு ஒரு மாதமாகவே தெரியும். வைஸில் பூட்டிச் சுட்டதெல்லாம் ஒரே இடத்தில் விழுந்துவிட்டால், குறை சொல்ல அவள் கை மட்டும்தான் மிஞ்சும். அதற்குப் பயந்துதான் எடை போட்டுக்கொண்டிருந்தாள். பேனாவை மறுபடி திறக்கிறாள்.

"நாளை: பிஸ்டலை வைஸில் பூட்டி, எடை பார்க்காமல் பத்து பெல்லட் சுட வேண்டும்."